சிம் மாற்றிய அன்றே பூட்டு விழுந்துவிட்டது

பாஸ்வேர்டு சரியாகத்தான் போட்டேன். கடுப்பே அதுதான். பதினாறு வருஷமாக வைத்திருந்த மின்னஞ்சல் கணக்கு. பழைய லேப்டாப் உயிரை விட்டதால் புதிதாக ஒன்று வாங்கி, முதல் வேலையாக மெயிலைத் திறக்கப் போனால், இது நீங்கள்தானா என்று உறுதி செய்ய வேண்டும், 47 என்று முடியும் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்று வந்து நின்றது. 47இல் முடியும் நம்பர் என்னுடையதுதான். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்பு வரைக்கும்தான்.

வேறு வழியில் முயலலாம் என்று ஒரு சுட்டி இருந்தது, தட்டினேன். ரெக்கவரி முகவரி, அதாவது கணக்கை மீட்க நாம் கொடுத்துவைக்கும் இன்னொரு மெயில் முகவரி, என்று ஒன்றைக் காட்டியது, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிய, நடுவில் எல்லாம் நட்சத்திரம். நான் முன்பு வேலை பார்த்த அலுவலகம் கொடுத்த முகவரி அது. நான் அங்கிருந்து கிளம்பியதும் அதை மூடிவிட்டார்கள்.

சரி, அந்தப் பழைய நம்பருக்கே போன் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். சொந்த நம்பரை நாமே கூப்பிட்டு இன்னொருவர் குரலைக் கேட்பது ஒரு மாதிரி இருக்கிறது. ஒரு பெண் எடுத்தார்.

“மேடம், இந்த நம்பர் முன்னாடி என்னோடது. இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைக் கொஞ்சம்…”

“ஓடிபியா? அதெல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதுங்க.”

வைத்துவிட்டார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நான் பேசியது அச்சு அசலாக மோசடிக்காரன் பேசுகிற பேச்சு, நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

அதற்கப்புறம் இதைப் பற்றித் தோண்டித் தோண்டிப் படித்ததில் ஒன்று புரிந்தது. கணக்கு அன்றைக்குப் பூட்டிக்கொள்ளவில்லை. பழைய சிம்மைக் கைவிட்ட அன்றே பூட்டு விழுந்துவிட்டது, எனக்குத் தெரியவந்ததுதான் ஆறு வருஷம் கழித்து. அந்த ஆறு வருஷமும் கணக்கு பழைய லேப்டாப் என்கிற ஒரே நூலில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த லேப்டாப்பில் எப்போதோ ஒருமுறை உள்ளே போனது அப்படியே நீடித்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீண்ட நாள் கணக்கை இழந்தவர்கள் பலரிடம் கேட்டுப் பாருங்கள், பாஸ்வேர்டு மறந்த கதையைவிட போன் தொலைந்த கதை, நம்பர் மாறிய கதைதான் அதிகம் வரும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மின்னஞ்சலைக் கடிதப் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. நாம் சேர்ந்திருக்கும் மற்ற எல்லாத் தளங்களிலும் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று ஒரு வரி இருக்கிறதே, அது எங்கே போய் முடிகிறது? மின்னஞ்சலில். வங்கி, சமூக ஊடகம், படங்கள் சேமித்த இடம், வேலைக்கு விண்ணப்பித்த தளம் என்று எல்லாவற்றுக்கும் ஜாமீன் நிற்பது அந்த ஒரு முகவரிதான். மெயிலுக்குள் நுழைந்த திருடன் மற்ற கதவுகளை உடைக்கவே வேண்டாம், ஒவ்வொன்றிலும் போய்ப் புது பாஸ்வேர்டு கேட்டால் போதும், அதுவே திறந்துவிடும். எல்லாருக்கும் ஜாமீன் நிற்கிற மெயிலுக்கு யார் ஜாமீன் நிற்பது என்பதுதான் இருபது வருஷமாகத் தீராமல் இழுத்துக்கொண்டிருக்கும் கேள்வி.

முதலில் கண்டுபிடித்த பதில் ரகசியக் கேள்வி. அம்மாவின் குடும்பப் பெயர் என்ன, முதலில் வளர்த்த நாயின் பெயர் என்ன, இந்த வகை. 2008 செப்டம்பரில் இது எவ்வளவு ஓட்டை என்று உலகமே பார்த்தது. அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாஹூ கணக்குக்குள் ஒரு கல்லூரி மாணவர் நுழைந்தார். பெரிய தொழில்நுட்ப வித்தை எதுவும் இல்லை. பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரை எங்கே சந்தித்தார் என்பவைதான் கேள்விகள், மூன்றுக்குமே பதில் இணையத்தில் கிடைத்தது. பிரபலங்களுக்குத்தான் இந்தத் தொல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த ரகசியக் கேள்விகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிடித்த உணவு எது என்ற கேள்விக்கு, ஆங்கிலம் பேசுபவர்களிடம், ஒரே ஒரு யூகத்தில் சரியான பதிலைப் பிடித்துவிட 19.7 சதவீத வாய்ப்பு இருந்தது. அதாவது கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு கணக்கு திறந்துகொள்ளும். சரி, சொந்தக்காரருக்காவது பயன்பட்டதா என்றால் அதுவும் இல்லை, ஆங்கிலம் பேசும் அமெரிக்கப் பயனர்களில் 40 சதவீதம் பேருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் தங்கள் பதிலே நினைவில்லை. உஷாராக இருப்பதாக நினைத்து வேண்டுமென்றே பொய்ப் பதில் கொடுத்தவர்களும் ஏராளம், அப்புறம் அந்தப் பொய்யும் மறந்துவிடும். திருடனுக்குச் சுலபமாகவும் உரிமையாளருக்குக் கஷ்டமாகவும் இருக்கிற பூட்டு!

அப்படியானால் ஒரு மனிதரை உட்கார வைத்து, விசாரித்துத் திறந்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. அதற்கும் ஒரு கசப்பான கதை இருக்கிறது. 2012 ஆகஸ்டில் மேட் ஹோனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் கணக்குகளை ஒருவன் வரிசையாகக் கவிழ்த்தான், ஆயுதம் வெறும் தொலைபேசி. அமேசான் வாடிக்கையாளர் சேவையிடம் பேசியே உள்ளே நுழைந்து, அங்கே தெரிந்த கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எடுத்துக்கொண்டான். அதையும் வீட்டு முகவரியையும் ஆப்பிள் சேவையிடம் சொன்னான். அவர்களுக்கு அது போதுமான சான்று, தற்காலிக பாஸ்வேர்டு கொடுத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் அவருடைய போன், டேப்லெட், லேப்டாப் மூன்றும் தூரத்திலிருந்தே துடைக்கப்பட்டன, ஜிமெயில் கணக்கு அழிக்கப்பட்டது. இத்தனையும் அவருடைய ட்விட்டர் பெயரைப் பிடுங்குவதற்காக. அவரே எழுதிய இந்த விவரங்கள் வெளிவந்த பிறகு இரண்டு நிறுவனங்களும் போன் வழியாக இப்படி மாற்றங்கள் செய்து கொடுப்பதை இறுக்கின. கனிவாகப் பேசுகிற மனிதர் ஒருவர் எதிர்முனையில் இருந்தால் நமக்கு எவ்வளவு நல்லதோ, அதே அளவு திருடனுக்கும் நல்லது. எனக்கு ஆத்திரம் குறையவில்லை, ஆனால் ஏன் யாருமே போனை எடுப்பதில்லை என்பது புரிந்தது.

அடுத்து எல்லாரும் கேட்கிற கேள்வி, பாஸ்போர்ட் நகல் அனுப்புகிறேன், பார்த்துவிட்டுத் திறங்கள், அவ்வளவுதானே? கேட்க நியாயமாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், இலவச மின்னஞ்சல் தொடங்கிய அன்று நம்மிடம் யாரும் எந்த அடையாள அட்டையும் கேட்கவில்லை. எந்தப் பெயரை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம், பலரும் விளையாட்டுப் பெயர்தான் போட்டோம். பாஸ்போர்ட்டில் இருப்பது நீங்கள்தான் என்று நிரூபிக்கலாம், ஆனால் அந்த முகவரி பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆளுக்குச் சொந்தம் என்று எங்கே எழுதியிருக்கிறது? கம்பெனிக்கு உங்களை ஒருநாளும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர், வழக்கமாக நுழைகிற ஊர், வழக்கமான நேரம், ஒரு நம்பர். இவற்றின் கூட்டுத்தொகைதான் அதன் கண்ணில் நீங்கள்.

இது புரிந்தால் மீட்புப் பக்கங்கள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்பதும் பிடிபடும். முன்பு பயன்படுத்திய கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து, வழக்கமான பிரவுசரில் முயலுங்கள் என்று கூகுளே சொல்கிறது. எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகாதீர்கள், சரியாகத் தெரியாவிட்டாலும் நினைவிருக்கும் பழைய பாஸ்வேர்டையாவது போடுங்கள் என்றும் சொல்கிறது. பயணத்தில் போன் தொலைந்தவர் அங்கிருந்தே, விடுதியின் வைஃபையில், நண்பரின் லேப்டாப்பில் பத்துமுறை முயல்வார். இயந்திரத்தின் கண்ணுக்கு அது வெளியூரிலிருந்து முன்பின் தெரியாத கருவியில் ஒருவன் கதவைத் திரும்பத் திரும்ப இடிப்பது போல இருக்கும். பதற்றத்தில் செய்கிற ஒவ்வொரு முயற்சியும் சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்யும். ஊருக்குத் திரும்பி, வீட்டு இணைப்பில், பழைய கம்ப்யூட்டரில் நிதானமாக ஒருமுறை முயல்வது அதைவிட எவ்வளவோ மேல்.

மைக்ரோசாஃப்ட் வழி கொஞ்சம் வேறு. ஹாட்மெயில், அவுட்லுக் கணக்குகளுக்கு ஒரு படிவம் உண்டு, சமீபத்தில் அனுப்பிய மெயில்களின் தலைப்பு, யாருக்கு அனுப்பினீர்கள், பழைய பாஸ்வேர்டுகள் என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும் அனுப்பலாம். ஆனால் இதில் பலர் தெரியாமல் விழுகிற ஒரு குழி இருக்கிறது: பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கிற இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு வைத்திருந்தால் அந்தப் படிவம் உதவாது. பாதுகாப்புக்காக இரண்டாவது பூட்டுப் போட்டவருக்குப் பின்வாசல் மூடப்படுகிறது. தர்க்கப்படி அது சரிதான், பின்வாசல் திறந்திருந்தால் இரண்டாவது பூட்டுக்கு அர்த்தமே இல்லை. ஆனால் பூட்டைப் போடச் சொல்லி நச்சரிக்கும்போது இதையும் அதே அளவு பெரிய எழுத்தில் சொல்ல வேண்டாமா? என் கோபம் முழுக்க அங்கேதான்.

இப்போது அந்த போன் நம்பருக்கு வருவோம். ரகசியக் கேள்வி தோற்ற பிறகு ஜாமீன் பொறுப்பு பெரும்பாலும் நம்பர் தலையில் விழுந்தது. நம்பர் நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம், உண்மையில் அது வாடகை வீடு. காலி செய்தால் கொஞ்ச காலம் பூட்டிக் கிடக்கும், அப்புறம் வேறு ஆள் குடிவருவார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2021இல் இதைச் சோதித்தார்கள். அமெரிக்காவில் புது வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தயாராக இருந்த நம்பர்களில் 259ஐ எடுத்துப் பார்த்ததில், 171 நம்பர்கள் ஏதோ ஒரு பிரபலத் தளத்தில் முந்தைய ஆளின் கணக்கோடு இன்னும் கட்டப்பட்டிருந்தன. மூன்றில் இரண்டு! என் நம்பரை இப்போது வைத்திருக்கும் பெண்ணுக்கு வேறு ஏதாவது எண்ணம் இருந்திருந்தால், என் வீட்டுக்குள் அவர் எனக்கு முன்பே போயிருக்கலாம். அவர் ஒழுங்கானவர், நான் அதிர்ஷ்டக்காரன்.

சும்மா கிடந்ததால் போகிற கணக்குகள் இன்னொரு ரகம். இதில் மறதியைத் தவிர வேறு வில்லன் கிடையாது. இரண்டு வருஷம் தொடாமல் இருக்கும் தனிநபர் கணக்குகளை அழிப்போம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அதே டிசம்பரிலிருந்து செய்யவும் ஆரம்பித்தது. மெயில் படித்தால், உள்நுழைந்த நிலையில் ஒரு வீடியோ பார்த்தால், எதையாவது தேடினால்கூட கணக்கு உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அழிப்பதற்கு முன் பலமுறை எச்சரிக்கையும் அனுப்பும், ஆனால் எங்கே? அந்தக் கணக்குக்கும் அதன் ரெக்கவரி முகவரிக்கும். இரண்டையும் பார்க்காதவருக்கு அது கிணற்றில் போட்ட கல். மைக்ரோசாஃப்டிலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய் வர வேண்டும்.

அழிந்த முகவரி என்னவாகும் என்பது அதைவிட முக்கியம். ஜிமெயில் முகவரி அழிந்தால் அதே பெயரை இன்னொருவர் எடுக்க முடியாது. யாஹூ 2013இல் வேறு மாதிரி முடிவெடுத்தது, ஒரு வருஷம் தொடாத பெயர்களை வேண்டியவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. பழைய ஆளுக்குப் போக வேண்டிய பாஸ்வேர்டு மீட்பு மெயில் புது ஆளுக்குப் போய்விட்டால் என்ன ஆவது என்று பெரிய சத்தம் கிளம்பியது. அதற்கு ஒரு தீர்வாக, மெயிலின் தலைப்பகுதியில் ஒரு தேதியைச் சேர்த்து, இந்தத் தேதியிலிருந்து இதே ஆள்தான் வைத்திருக்கிறார் என்றால் மட்டும் கொடு, இல்லையென்றால் திருப்பி அனுப்பு என்று சொல்லும் ஏற்பாடு வந்தது. 2014இல் ஆர்எஃப்சி 7293 என்ற பெயரில் அது இணையத் தரநிலைகளிலும் சேர்ந்தது. அழகான யோசனை, ஆனால் அனுப்புகிற தளமும் பெறுகிற தளமும் இரண்டுமே கடைப்பிடித்தால்தான் வேலை செய்யும்.

சரி, கணக்கு போனால் என்னதான் போகிறது? 2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் வந்தபோது ஒரு ஜிபி இடம் என்றதும் பலர் அதை முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள், அப்போது ஹாட்மெயில் கொடுத்துக்கொண்டிருந்தது 2 எம்பி. அதற்கு முன் மெயில் என்றால் படித்துவிட்டு அழிக்கிற சமாச்சாரம், அதன் பிறகுதான் எதையும் அழிக்காமல் சேர்த்துவைக்கிற பழக்கமே வந்தது. என் கணக்கில் என்ன இருந்தது என்று நினைவிலிருந்து எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். சான்றிதழ்களின் ஸ்கேன், ஒப்பந்தங்கள் என்று பயனுள்ளவை நாலைந்து வந்தன. அதற்கப்புறம் வந்ததெல்லாம் வேறு. இப்போது உயிரோடு இல்லாத ஒரு நண்பன், தலைப்பே போடாமல் ஒற்றை வரியில் அனுப்பிய மெயில்கள். “எங்க இருக்க?” என்று மட்டும் ஒன்று. அதற்கு நான் பதில் போட்டேனா என்பதைப் பார்க்கத்தான் இப்போது உள்ளே போக வேண்டும்.

இறந்தவர் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2004இல் இராக்கில் கொல்லப்பட்ட ஓர் அமெரிக்க வீரரின் தந்தை, மகனுடைய மெயில்களைக் கேட்டு யாஹூவிடம் போனார். கணக்கை யாருக்கும் மாற்றித் தர முடியாது என்பது விதி என்று அவர்கள் மறுத்தார்கள். 2005இல் மிச்சிகன் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் உள்ளே இருந்தவை கைக்கு வந்தன. இன்றைக்கு அவ்வளவு தூரம் போகாமல் இருக்க, கூகுளில் 2013 முதல் ஓர் அமைப்பு இருக்கிறது, இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குத் தெரிவி, இன்னின்னதைக் கொடு என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஆப்பிளில் 2021 முதல் வாரிசுத் தொடர்பு என்று ஒன்று உண்டு. இரண்டையும் உயிரோடு இருக்கும்போது நாமே போட்டுவைக்க வேண்டும் என்பதுதான் சிக்கல், யார் போடுகிறார்கள்?

இப்போது வெளியே மாட்டிக்கொண்டு நிற்பவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், முதலில் வீட்டில் இருக்கும் பழைய போன், டேப்லெட், டிராயரில் கிடக்கும் உடைந்த கருவி எல்லாவற்றையும் சார்ஜில் போடுங்கள். எங்காவது ஒன்றில் கணக்கு இன்னும் திறந்தபடி இருக்கலாம். இருந்தால் தயவுசெய்து லாக்அவுட் செய்துவிடாதீர்கள், அப்டேட்டும் வேண்டாம், முதலில் அதிலிருந்தே புது நம்பரையும் புது ரெக்கவரி முகவரியையும் சேர்க்கப் பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், மெயிலை விட்டுவிட்டு மற்ற தளங்களுக்கு ஓடுங்கள். போனிலும் கம்ப்யூட்டரிலும் நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும் தளங்களில், இன்னும் வெளியே தள்ளப்படாத நேரத்திலேயே, முகவரியை மாற்றிவிடுங்கள், வங்கி முதலில். அப்புறம், கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று தேடலில் முளைக்கும் போன் நம்பர்களில் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். இலவசக் கணக்கை உள்ளே இருந்து திறந்து தர ஆள் வைத்திருக்கும் வெளியார் யாரும் கிடையாது, பணத்தோடு மிச்சமிருக்கும் தகவலையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்னும் உள்ளே இருப்பவர்களுக்கு அரைமணி நேர வேலைதான். சிம்மைக் கைவிடுவதற்கு முன்னால் நம்பரை மாற்றுங்கள், பின்னால் இல்லை. இரண்டு படிச் சரிபார்ப்பு வைத்திருந்தால் போன் கையில் இல்லாதபோது உள்ளே போக உதவும் காப்புக் குறியீடுகள் கிடைக்கும், கூகுளில் எட்டு இலக்கக் குறியீடுகள் பத்து வரும், காகிதத்தில் அச்சடித்துப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள், அதே மெயிலுக்குள் சேமிக்காதீர்கள். (சிரிக்காதீர்கள், நான் செய்தது அதுதான்.) வேலை இடத்து முகவரியையும், இணைய இணைப்புக் கம்பெனி கொடுத்த முகவரியையும் ரெக்கவரிக்குக் கொடுக்காதீர்கள், இரண்டும் இரவல். சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கி அதில் மெயில் வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் ஒரு வருஷம் புதுப்பிக்க மறந்தால் அதே பெயரை வேறு யாரோ வாங்கிக்கொண்டு உங்கள் மெயிலை எல்லாம் வாங்க ஆரம்பிப்பார். அதுவும் வாடகைதான், வீட்டுக்காரர் வேறு. மெயில்களின் பிரதி ஒன்றை வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், கணக்கு போனாலும் கடிதங்களாவது மிஞ்சும்.

என் விஷயத்தில் டிராயர்களை எல்லாம் கவிழ்த்தும் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று வாரமாக ஒவ்வொரு தளமாகப் போய் முகவரியை மாற்றிக்கொண்டிருக்கிறேன், முப்பத்தெட்டு முடிந்தது. கடைசியாக ஒன்று மிச்சம், பழைய படங்கள் எல்லாம் இருக்கும் தளம். பாஸ்வேர்டு நினைவிருக்கிறது, உள்ளேயும் விட்டது, புது முகவரியையும் ஏற்றுக்கொண்டது. சேமி என்று அழுத்தியதும் ஒரு செய்தி வந்தது: இந்த மாற்றம் உங்கள் விருப்பப்படிதானா என்று உறுதி செய்ய, உங்கள் பழைய முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம், அதைத் திறந்து உள்ளே இருக்கும் இணைப்பைத் தட்டவும்.